“நெய்தது யார்?” என்று கேட்டார்

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தில் கிளார்க்காக இருந்தேன். யாரையும் சட்டென்று நம்ப மாட்டேன். காரணம் இருந்தது. முந்தின வருடம் ராஜபாளையத்திலிருந்து ஒருவர், வீட்டில் கல்யாணம் என்று ஒரே ஒரு சேலை வாங்கிப் போனார். அடுத்த மாதமே அந்த பார்டர் விசைத்தறியில் பாதி விலைக்கு வந்துவிட்டது. எங்கள் தறிகள் சும்மா கிடந்தன.

அந்தத் தீபாவளிக்கு மம்சாபுரத்து அக்கா ஒருவர் புது பார்டர் நெய்து கொடுத்திருந்தார். சங்கமே அதை நம்பித்தான் இருந்தது.

ஒருநாள் மதியம், எங்களுக்குத் தெரிந்த கல்லூரி ஆசிரியை ஒருவர், கோயில் பார்க்க வந்த ஆஸ்திரேலியப் பெண்மணியைக் கூட்டி வந்தார். வந்தவர் சட்டை முழுக்கப் புள்ளியும் வட்டமுமாக இருந்தது. அவர் நாட்டுப் பழங்குடிப் பெண் ஒருவர் வரைந்ததாம். நான் சட்டையை எங்கே பார்த்தேன்? அவர் கையிலிருந்த குறிப்பு நோட்டு மேல்தான் கண். புது பார்டரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, நெய்தது யார், எந்த ஊர் என்று கேட்டார்.

ஆளையே வளைத்துப் போடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். “நான்தான் நெய்ஞ்சேன்” என்றேன். ஆசிரியையும் நம்பிவிட்டார். வந்தவர் என் பெயரை எழுதிக்கொண்டு, சேலையையும் வாங்கிப் போனார். பஸ் ஏறும்வரை வாசலில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு, அந்த பார்டர் எங்காவது தொங்குகிறதா என்று மூன்று மாதம் ராஜபாளையத்துக் கடைகளைச் சுற்றினேன். எங்கும் இல்லை.

நாலாவது மாதம் என் பெயருக்குப் பார்சல் வந்தது. இதென்ன புது வலை என்றுதான் பிரித்தேன். அதே மாதிரி ஒரு புள்ளிச் சட்டை. உள்பக்கத் துணிச் சீட்டில் ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் அச்சாகியிருந்தன. கடிதத்தை ஆசிரியை படித்துச் சொன்னார்.

“வரையிறவிய ஊர்க்காரவியளே சேந்து நடத்துற இடமாம் சார், நம்ம சங்கம் மாதிரி. வரைஞ்சவிய பேரு இல்லாம ஒரு துணியும் வெளிய போகாதாம். இத வரைஞ்ச அம்மா உங்க சேலையப் பாத்துட்டு, நெய்ஞ்ச கைக்குன்னு இதைக் குடுத்து விட்டிருக்காவ.”

மறுநாள் காலையில் மம்சாபுரம் போய், நடந்ததை எல்லாம் சொல்லிச் சட்டையைக் கொடுத்தேன். அக்கா அதைத் தறி மேலே விரித்தார்.

“எம்புட்டுப் புள்ளி. வச்சவளுக்குக் கை கடுத்திருக்கும்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “களவாண்டுருவாகன்னு எம்பேரச் சொல்லல, சரி தம்பி. உங்க பேர எதுக்குச் சொன்னீய?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம், வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம், ஆனால் என் பெயர்தான் வந்தது. வந்தவர் எதையும் களவாண்டு போகவில்லை. அன்று அந்த அறையில் களவு செய்தது நான் ஒருவன்தான் என்பதை நினைத்தால் இன்றும் கூசிப் போகிறேன்.