ஆளுக்கொரு முப்பாட்டன்

கோட்டையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடி, ஷேபே தன் முப்பாட்டனுக்காக அழத் தொடங்கும்போது மணி பத்தேகால். முன்னே பின்னே ஐந்து நிமிடம் இருக்கலாம். அதற்கு மேல் தள்ளிப்போனால், அடுத்துப் போகும் பூங்காவில் ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி கொடுக்கும் நேரம் தவறிவிடும். எந்த முப்பாட்டன் என்பது மட்டும் அன்றைக்கு வண்டியில் வந்திருப்பவர்களைப் பொறுத்தது. ஓமான்காரர்கள் என்றால், போர்த்துகீசியரிடமிருந்து கோட்டையைப் பிடித்த முற்றுகையின்போது இந்தச் சுவரில் முதலில் ஏறிய வீரர். போர்த்துகீசியர் என்றால், இதே சுவரைக் கடைசிவரை காத்த பீரங்கிக்காரர். சீனர்களுக்கு, கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மாலுமி. ஒருமுறை நார்வேயிலிருந்து ஒரு கூட்டம் வந்திறங்கியது. இன்றைக்கு மாட்டினார் மனுஷன் என்று மற்ற வழிகாட்டிகள் எல்லாம் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பத்து நிமிடம் யோசித்துவிட்டு ஒரு திமிங்கில வேட்டைக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

வயது ஐம்பத்திரண்டு. கணுக்கால் வரை வெள்ளை அங்கி, பூவேலை செய்த குல்லா. கென்யாவின் மொம்பாசா கடற்கரை விடுதிகளில் தங்குகிறவர்களுக்குக் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஊரைக் காட்டுவது தொழில். 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து விழுந்து யாரும் கேட்டதில்லை. பழைய நகரத்துக் கதவொன்றைக் காட்டி, "இருபத்தேழு பித்தளை ஆணி. இந்த வீட்டுக்காரருக்கு இருபத்தேழு பிள்ளைங்க" என்பார். வேலையற்ற யாராவது எண்ணிப் பார்த்து இருபத்துநாலுதான் என்றால் அசரமாட்டார். "மூணு பேரு ஜான்ஸிபாருக்குப் போயிட்டாங்க சார்."

உண்மையான தாத்தா கிலிஃபி பக்கம் தென்னை ஏறிக் கள் இறக்கிய கிரியாமா இனத்துக்காரர். சுற்றுலா உலகில் இதை அறிந்த ஒரே ஆள் வண்டி ஓட்டும் கட்டானா. அறியாமல் எப்படி? அவருக்கும் அதே தாத்தாதான். கட்டானா தாத்தாவின் மூத்த மகனுக்குப் பிள்ளை, ஷேபே இளைய மகனுக்குப் பிள்ளை. பயணிகள் முன்னால் இவர் "டிரைவர்" என்பார், அவர் "சார்" என்பார். பயணிகள் இறங்கிப் போனதும் அது "அண்ணே", "டேய்" என்று மாறிவிடும். இருபது வருஷமாக இந்த நாடகம் ஒருநாள்கூடப் பிசகியதில்லை.

போன மாதம் பிசகப் பார்த்தது. ஷேபேவின் மகள் சல்ஹாவுக்கு லாமுத் தீவில் ஒரு நல்ல இடம் கூடிவந்தது. பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பியாயிற்று. பாக்கி இருந்தது பரம்பரை விசாரணை. லாமுவின் பழைய குடும்பங்களுக்குப் பெண்ணின் படிப்பைவிட அவள் பாட்டனின் பாட்டன் முக்கியம். "அரபு தேசத்து ஹத்ரமவுத்திலிருந்து வந்த மௌலானா வம்சம்" என்று ஷேபே சொல்லியனுப்பியிருந்தார். பையனின் தாய் முனிரா நேரிலேயே பார்த்துவிடலாமென்று கப்பலேறி வந்தார்.

வந்தவருக்குப் பிலாவ் போட்டு, பல்லைக் காட்டி அனுப்பியிருக்கலாம். தவளைக்கு வாய் சும்மா இருக்குமா? "சம்பந்தியம்மா, இந்த ஊரை என் வாயால கேட்டாத்தான் ஊரு" என்று மறுநாள் வண்டியில் காலியாக இருந்த இருக்கையைக் காட்டினார்.

சல்ஹா அடுக்களைக்குள் அவரை இழுத்துப்போய்க் கெஞ்சினாள். "வாப்பா, நாளைக்கு ஒருநாள் மட்டும் அந்தச் செவுத்துப் பக்கம் போவாதீங்க. எனக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கு. கெடுத்துடாதீங்க."

"நீ சும்மா இரும்மா. எனக்குத் தெரியாதா?"

காலையில் விடுதி வாசலில் ஏறியது ஒரு போர்த்துகீசியத் தம்பதி. அடுத்த விடுதியில் ஏறியது ஓமான் நாட்டு அண்ணன் தம்பி. ஷேபே மேற்குச் சுவரைத் தொடாமல் எல்லோரையும் வாசல் பக்கமாகவே ஓட்டப் பார்த்தார். அந்தப் போர்த்துகீசிய அம்மாள் விடவில்லை. கைப்பேசியில் யாரோ எழுதிய பாராட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"உங்க முப்பாட்டனார் எங்க ஊர் பீரங்கிக்காரராமே! அவர் நின்ன இடத்தைக் காட்டுங்க."

"இல்லையே" என்றார் ஓமான் அண்ணன். "போன வருஷம் என் மச்சான் வந்தப்போ, சுவரேறின ஓமான் வீரர்னு சொல்லி அழுதாராம்."

நான்கு பேரும் ஷேபேவைப் பார்த்தார்கள். ஐந்தாவதாக முனிராவும் பார்த்தார். ஆனால் பேச்செல்லாம் ஆங்கிலம். அது சம்பந்தியம்மாளுக்குப் புரியாது என்ற தைரியத்தில் ஷேபே சுவரில் கையை வைத்தார்.

"ரெண்டும் நெஜம். ஏறின வீரரும் காத்த பீரங்கிக்காரரும் இங்கதான் நேருக்கு நேர் நின்னாங்க. பசி, களைப்பு. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. பீரங்கிக்காரர் மகளை வீரருக்குக் கட்டிவெச்சாங்க. அந்த ரத்தம்தான் நான்."

போர்த்துகீசிய அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நால்வரும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பாழாய்ப்போன ஒரு போரை ஆறு வாக்கியத்தில் கல்யாணமாக்கிய திறமையை மெச்சத்தான் வேண்டும்.

"எங்ககிட்ட சொன்ன மௌலானா எங்க நின்னாரு?"

முனிரா கேட்டது சுத்தமான ஆங்கிலத்தில். பதினெட்டு வருஷமாக லாமுவில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர். இத்தாலிய மொழியிலும் திட்டத் தெரிந்தவர்.

ஷேபே குல்லாவைச் சரிசெய்துகொண்டார். "அவருதான்... நிக்காஹ் ஓதி வெச்சாரு."

முனிரா சிரிக்கவில்லை. கோட்டையை விட்டு வெளியே வந்து, நேராக வண்டிக்குப் போனார். கட்டானா படியில் உட்கார்ந்து மஹம்ரிப் பணியாரத்தைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"ஏம்ப்பா டிரைவர், உனக்கும் உங்க சாருக்கும் ஒரே மூக்கா இருக்கே?"

பின்னால் ஓடிவந்த ஷேபே நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கட்டானா ஒரு வார்த்தை சொன்னால் போதும், சல்ஹாவின் கல்யாணம் அன்றோடு முடிந்தது. இருபது வருஷமாகக் கேட்ட "டிரைவர்" ஒவ்வொன்றுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

கட்டானா வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "தினமும் ஒரே வெயில்ல காயுறோம்மா. எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான் ஆயிடும்."

"அவரு ஆளுங்களைத் தெரியுமா?"

"அவங்கல்லாம் பெரிய இடம். எனக்கென்ன தெரியும்?"

முனிரா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "போவட்டும். எங்க ஊர்லயும் பாதிப் பேரு முப்பாட்டனைச் சந்தையில வாங்கினவங்கதான். பொண்ணு தங்கமா இருக்கா. மரம் ஏறி கள்ளு எறக்குற சாதியா மட்டும் இல்லாம இருந்தா சரி." சொல்லிவிட்டு, நாலடி தள்ளியிருந்த தள்ளுவண்டியில் ஓர் இளநீர் வெட்டச் சொன்னார்.

ஷேபே முன் இருக்கையில் ஏறிச் சாய்ந்தார். கட்டானாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உயிரைக் காப்பாத்திட்டே."

கட்டானா சாவியைத் திருகினார். சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "கல்யாணத்துக்கு நான் வரணுமாடா? வந்தா, டிரைவராவா, பெரியப்பாவா?"

ஷேபே திரும்பி வெளியே பார்த்தார். முனிரா இளநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அந்த வெயிலில், சன்னல் கண்ணாடியைக் கடைசிவரை மேலே ஏற்றினார் ஷேபே.