நைனா அழிக்க விடாத பேச்சு

எங்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் போன முதல் ஆள் என் அக்கா. ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மதராஸில் அவள் எம்.ஏ. படித்தாள். மூன்றாம் வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்த எனக்கும் அந்தப் பெருமையில் சரிபாதிப் பங்கு இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு அவள் செஞ்சி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, துணிப்பெட்டியோடு கனமான இன்னொரு பெட்டியும் இறங்கியது. டேப் ரிகார்டர். அவளுடைய பேராசிரியர் கொடுத்தனுப்பியது. பல்கலைக்கழகத்தின் வரலாறு அங்கே நிற்கிற கட்டடங்களோடு முடிந்துவிடுவதில்லை, பிள்ளைகளை அனுப்பிவைத்த ஊர்களிலும் இருக்கிறது, அந்த ஜனங்கள் வாயால் சொல்வதைப் பதிந்து பத்திரமாக வைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா மூட்டை தூக்கும் ரைஸ் மில்லில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வாருங்கள், அன்றைக்கு மிஷின் ஓடாது, சத்தம் இருக்காது என்றார் மில் முதலாளி. நாங்கள் நாலு பேரும் போனோம். உள்ளே உமி வாசனை. அக்கா பெட்டியைத் திறந்ததும் இரண்டு சக்கரங்கள் மெதுவாகச் சுற்றத் தொடங்கின.

இடம் கொடுத்தவர் என்பதால் முதலாளிதான் முதலில் பேசினார். செஞ்சிக் கோட்டை ராஜா குதிரை ஏறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி அவர் சொல்லி முடிப்பதற்குள் டேப்பில் பாதி போய்விட்டது. அக்கா மரியாதையாகத் தலையாட்டினாள். பிறகு மைக்கை அம்மாவிடம் நீட்டினாள்.

"நான் இன்னாத்தப் பேசறது? களை எடுத்ததையா?"

"நான் படிக்கப் போன கதையச் சொல்லும்மா. நைனா என்னை சைக்கிள்ல உட்கார வச்சித் திண்டிவனம் ஹாஸ்டலுக்கு இட்டுகினு போனாருல்ல, அது."

அந்தக் கதையைப் பேராசிரியரிடம்கூட அக்கா சொல்லியிருந்தாள். எனக்கும் அது மனப்பாடம். அம்மா சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு நைனாவைப் பார்த்தாள்.

"உங்க நைனா உன்னைக் கொண்டுபோய் உட வரல. இஸ்துகினு போவ வந்தாரு."

அக்கா கையிலிருந்த மைக் கொஞ்சம் இறங்கியது.

அம்மா நிறுத்தவில்லை. அஞ்சாவது படித்தது போதும், மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்க வரட்டும் என்று நைனா முடிவாகச் சொல்லிவிட்டாராம். அம்மா யாரிடமும் சொல்லாமல், விடிகிற நேரத்தில் அக்காவைக் கூட்டிக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டாளாம். விஷயம் தெரிந்து நைனா வாடகை சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து, வழியில் வல்லம் ஊரைத் தாண்டிப் பிடித்துவிட்டாராம்.

நான் பிறப்பதற்கு முந்தைய கதை. அடக்க முடியாமல், "அப்பறம் இன்னா ஆச்சி?" என்று கேட்டுவிட்டேன். அதுவும் டேப்பில் பதிந்துவிட்டது.

பதில் சொன்னது நைனா. மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"ஆமா, இஸ்துகினு போவத்தான் வந்தேன். அடிக்கக்கூட கை ஓங்கினு வந்தேன். இது என்னைப் பாத்ததும், நான் கொண்டுபோய் உடத்தான் வந்துட்டேன்னு நெனச்சிகிச்சி. ஓடியாந்து பின்னால ஏறிக் குந்திகினு, 'நைனா, நேரமாச்சி, வேகமா மிதி'ன்னுச்சி. அதுக்கு மேல நான் எப்படி சைக்கிளைத் திருப்புவேன்?"

சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அம்மா, சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தவளாய், தலைமுடியைப் பிரித்துக் கட்டிக்கொண்டாள்.

முதலாளிக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "அந்த எடத்தை மட்டும் அழிச்சிடும்மா. பெரிய மனுஷங்க கேக்கற எடம். உங்கப்பாவுக்கு நல்லாவா இருக்கும்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நைனாவைப் பார்த்தாள். "அழிச்சிடட்டா நைனா?"

"வேணாம். இருக்கட்டும்," என்றார் நைனா. முதலாளி முன்னால் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "பல்கலைக்கழகத்துல வச்சி எல்லாரும் கேக்கட்டும். எம் பொண்ணு எப்டி அங்க வந்துச்சின்னு தெரியட்டும்."

அக்கா மதராஸுக்குத் திரும்பிய பிறகு, என் குரல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்த டேப்பிலேயே முக்கியமானது என்னுடைய அந்த ஒரு கேள்விதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எனக்கு விளங்காமல் போனது நைனாவின் போக்குதான். அன்றைக்கு மில்லைவிட்டுக் கிளம்பும் முன், "அந்த எடத்தை இன்னொரு தபா போடு" என்றார். அக்கா போட்டாள். இழுத்துப்போக வந்ததையும், கை ஓங்கியதையும் தன் குரலிலேயே தலைகுனியாமல் கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எப்போதும் ஓரமாகவே போகிறவர், அன்று செஞ்சி கடைத்தெரு நடுவில், யாருக்கும் ஒதுங்காமல் எங்களுக்கு முன்னால் நடந்தார். ஊருக்கு முன்னால் தன் தப்பு இப்படி வெளியான மனுஷருக்கு இவ்வளவு நிமிர்ந்த நடை எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே, அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நான் பின்னால் ஓடினேன்.