பதினோரு மணிக்கு யாரும் இல்லாத வீடு

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அம்மா முதலில் மேலே பார்ப்பாள். சொந்தக்காரர் வீடு, மருந்துக்கடை, மகளின் கல்லூரி அலுவலகம், எதுவானாலும் வாசலில் அரை நொடி நின்று கூரையையும் மின்விசிறியையும் ஒரு நோட்டம் விட்டபிறகுதான் அவள் கண் மனிதர்களின் முகத்துக்கு இறங்கும்.

"என்ன, பல்லி எண்ணுறியா?" என்பார் அப்பா.

"எண்ணியாச்சு. ரெண்டு. ஒண்ணு சுவத்துல இருக்கு, இன்னொண்ணு நாற்காலியில உக்காந்து பேப்பர் படிக்குது."

மகளுக்கு இந்தப் பழக்கம் ஏழெட்டு வயதிலிருந்தே தெரியும். ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை. இருபத்துநான்கு வயதுவரை கேட்கவில்லை.

அம்மா ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்த்தாள். மூன்றாம் மாடி அவளுடையது. காலை ஆறு மணிக்குப் போனால் மூன்று மணிக்குத் திரும்புவாள். அப்பா இருபது வருடம் மரம் அறுக்கும் பட்டறையில் நின்றவர். மரத்தூள் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. நாலு வருடத்துக்கு முன், இனி உள்ளே போகவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், முதலாளி அவரைப் பட்டறையிலிருந்து தள்ளி, தெருமுனை கேட்டில் ஒரு நாற்காலி போட்டு, லாரி நம்பர் எழுத வைத்தார். ஏழரைக்குப் போவார், இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பார். ஞாயிறு விடுமுறை.

அந்த வீட்டில் மட்டுமல்ல, அப்பா வழி அம்மா வழி இரண்டிலும் முதலில் பட்டம் வாங்கியவள் மகள்தான். அப்பா அவளைக் கலெக்டர் என்றே கூப்பிடுவார். கலெக்டர் ஒரு பஸ் கம்பெனியில் அறுபது டிரைவர்களுக்கு டூட்டி சார்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் விளக்குமாறு அவள் கைக்கு வந்ததே இல்லை. எடுக்கப் போனால், "வை அதை, நீ போய்ப் படி" என்பாள் அம்மா. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் அதே வார்த்தைதான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதைப் போல, வீடு என்றால் சுத்தமாக இருக்கும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அரைகுறையாக அவள் கவனித்தது ஒன்று உண்டு. அம்மா ஒரே நாளில் முழு வீட்டையும் சுத்தம் செய்ததில்லை. திங்களன்று மகள் வேலையிலிருந்து வரும்போது மின்விசிறி இறக்கைகள் பளிச்சென்று இருக்கும். புதனன்று தலையணை உறைகள் கொடியில் தொங்கும். ஒரு நாள் பரண், ஒரு நாள் கட்டிலுக்கு அடியில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைக்கிற துணியைத் தொடமாட்டாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். பாவம், அவளுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா என்று மகள் நினைத்துக்கொள்வாள்.

அம்மா இறந்தது ஒரு வியாழக்கிழமை. மூன்றாம் மாடிப் படியில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவள், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள். மகளுக்கு அழுகை வரவில்லை. கட்டிக்கொண்டு அழுதவர்களின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். காதில் தண்ணீர் புகுந்ததைப் போல எல்லாச் சத்தமும் தள்ளிக் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து மேசையில் கை வைத்தபோது ஐந்து விரலும் பதிந்தன. வீடு தானாகச் சுத்தமாக இருப்பதில்லை என்று அப்போது உறைத்தது. உறைத்தது என்பது பெரிய வார்த்தை. தெரிந்தது, அவ்வளவுதான்.

உடனே தனக்குக் கைவந்ததைச் செய்தாள். சார்ட் போட்டாள். தினமும் ஒரு துண்டு என்பது நேரத்தை வீணடிக்கும் வழி, படிக்காதவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததை அவளால் இன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. எல்லா வேலைகளையும் சேர்த்து ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் அடைத்து, தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டினாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "எல்லாம் சரி கலெக்டர். இந்த வீட்டுல பஸ் எங்க நிக்கும்?"

"நீங்க கட்டில் மேல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காருங்கப்பா. அது போதும்."

முதல் ஞாயிறு. தரையை முதலில் துடைத்துவிட்டு, அதன்பிறகு ஸ்டூலில் ஏறி மின்விசிறியைக் காய்ந்த துணியால் தட்டினாள். பரணை ஒழித்தாள். பாயை உதறினாள். அப்பா அவள் சொன்னபடி காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்கு இருமல் ஆரம்பித்தது. பதினொன்றரைக்குப் பேச்சு உடைந்து உடைந்து வந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. அவள் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று முறை முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார்.

"நாலு வருஷமா இவர் இங்க வரவே இல்லையே. வீட்ல யாரு பாத்துக்கிட்டது?"

"யாரும் இல்ல சார். சும்மாதான் இருந்தாரு."

"இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு நாலு வருஷம் யாரும் சும்மா இருக்க முடியாதும்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால உத்தரவாதம் கொடுக்க முடியாது."

அப்பா பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் அந்த இரண்டறை வீட்டின் தூசியில் இருக்கிறது. அது அவளுக்குத் தெளிவாகவே புரிந்தது. பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாள் அம்மாவின் சாமான்களை வாங்க அந்தக் கட்டடத்துக்குப் போனாள். சீருடை, செருப்பு, ஒரு டிபன் பாக்ஸ். அவற்றை எடுத்துக் கொடுத்தவள் நாலாம் மாடி அக்கா. அம்மாவோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவள். நடந்ததைக் கேட்டதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையா? அதுவும் அந்த மனுஷனை உள்ள வச்சுக்கிட்டா? அடிப்பாவி!"

"அப்ப அம்மா எப்பதான்க்கா பண்ணுவாங்க?"

"பதினொரு மணிக்கு. டீ டைம் இருபது நிமிஷம், மேல ஒரு இருபது நிமிஷம் நான் போட்டுக் கொடுப்பேன். அவ மாடி பாத்ரூமை நான் தேய்ப்பேன், அவ வீட்டுக்கு ஓடுவா. போக வர இருபது போச்சு. மிச்சத்துல ஒரே ஒரு இடம். ஈரத்துணி. மேல இருந்து கீழ. உங்கப்பா ரெண்டு மணிக்கு வர்றதுக்குள்ள தூசி அடங்கி, தரை காஞ்சிருக்கும். அவர் வீட்டுல இருக்கிற நாள்ல துணியை உதறக்கூட மாட்டா."

"எங்ககிட்ட சொன்னதே இல்லையே."

"சொன்னா உங்கப்பா 'என்னால உன் வேலைக்கு உலை'ன்னு ரோட்டுல போய் உக்காந்துக்குவாரு. நீ படிப்பை விட்டுட்டுத் துடைப்பத்தைத் தூக்குவ. ரெண்டும் வேணாம்னுட்டா." அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சூப்பர்வைசர் தேடுனா, வயிறு சரியில்ல, பாத்ரூம்ல இருக்கான்னு சொல்லுவேன். நாலு வருஷம்! 'உலகத்துலயே ஆகாத வயிறு மூணாம் மாடிதான்'னு அந்தாளு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

அக்கா சிரித்தபடியே அழுதாள். மகளும் சிரித்தாள். மற்றது வரவில்லை.

கதவில் இருந்த சார்ட்டைக் கிழித்தாள். அப்பா ஏழரைக்குக் கிளம்புவார், அவளுடைய பஸ் எட்டு நாற்பதுக்கு. நடுவில் ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு இடம். முதல் வாரம் மின்விசிறியில் ஈரத்துணி பட்டதும் கறுப்புச் சேறு கட்டிலில் சொட்டியது. பிறகுதான் ஆணியில் தொங்கிய பழைய தலையணை உறை கண்ணில் பட்டது. உள்பக்கம் மட்டும் கரியாக இருந்தது. அதை நனைத்துப் பிழிந்து இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும். கீழே ஒரு பொட்டு இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவின் நெஞ்சில் விசில் கேட்கிறதா என்று கவனிப்பாள். நாலு வாரம் கேட்கவில்லை.

"வீடு உங்கம்மா இருந்த மாதிரியே இருக்கே" என்றார் அப்பா ஒரு நாள். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினாள். துடைக்கும்போது அம்மாவின் நினைவு வருகிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கை போகிறது, துணி போகிறது. பாசம் என்றால் இதுதானா, இல்லை வெறும் டூட்டியா? அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொல்ல மறுபடியும் நாலாம் மாடி அக்காவைப் பார்க்கப் போனாள். பேச்சுவாக்கில், "நாலு வருஷம் சும்மாவா செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா எவ செய்வா? என் மக முழுகாம இருக்கா பாப்பா. அடுத்த மாசம் பிரசவம், தலைச்சன். நான் ஒரு மாசம் போய் இருக்கணும். 'நீ போக்கா, உன் மாடியையும் நான் சேர்த்துப் பாத்துக்கறேன், நாலு வருஷத்துக்குப் பதிலா அதையாவது செய்யறேன்'னு உங்கம்மா சொல்லியிருந்தா. சூப்பர்வைசர்கிட்ட பேசியும் வச்சிருந்தா."

"இப்ப?"

"இப்ப என்ன? பதில் ஆள் இல்லாம லீவு கிடையாதுன்னுட்டாங்க. என் மகளோட மாமியார் இருக்காங்க, பாத்துக்குவாங்க."

"நான் வரட்டுமாக்கா? உங்களுக்குப் பதிலா?"

"ச்சீ, போடி. இதுக்கா உங்கம்மா அந்த ஓட்டம் ஓடுனா?"

மகள் இரண்டாம் முறை கேட்கவில்லை. இந்தப் பதில்தான் வரும் என்று தெரிந்துதான் கேட்டோமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாள். சம்பளமில்லாத லீவு ஒரு மாதம் எடுக்கலாம். அறுபது டிரைவர்களில் ஒருவன் வராவிட்டால் அந்த இடத்தில் யாரை வைப்பது என்பது அவளுக்கு ஐந்து நிமிட வேலை. அந்த ஒரு சார்ட்டை அவள் போடவில்லை.

அக்காவின் பேரன் பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அந்த நேரத்தில் அவள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அக்கா நாலாம் மாடியில் இருந்தாள். மூன்றாம் மாடிக்கு இன்னும் ஆள் போடவில்லை என்பதால், அதையும் அக்காதான் துடைத்துக்கொண்டிருந்தாள்.