ஞாயிற்றுக்கிழமைக் கோளாறுகள்

சைக்கிள் ஓட்டிவிட்டு வந்ததும் என்ன குடிப்பது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு சொம்பு மோர், கொஞ்சம் உப்பு, தட்டிப் போட்ட சின்ன வெங்காயம். அரிமளத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துபாயில் இருக்கும் என் மகனிடம், "ஏப்பா, சைக்கிள் ஓட்டிட்டு வந்தா என்ன குடிக்கணும்?" என்று ஒன்றும் அறியாதவன்போலக் கேட்டேன். அவன் பதினான்கு நிமிடம் பதில் சொன்னான்.

எதற்காகக் கேட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் என் மனைவியிலிருந்து தொடங்க வேண்டும்.

மகன் வெளிநாடு போன பிறகு நானும் அவனும் போனில் பேசிய அத்தனையையும் ஒரே தாளில் எழுதிவிடலாம். மணி அடிக்கும், நான் எடுப்பேன். "நல்லா இருக்கியா? இரு, அம்மாகிட்டக் குடுக்குறேன்." அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அவள் பேசிக்கொள்வாள். அவனுடைய சளி, அவனுடைய மேனேஜர், அவன் வைத்த ரசம் எல்லாம் அவள் வழியாகத்தான் எனக்கு வந்து சேரும். என் சர்க்கரை அளவு அவள் வழியாகத்தான் அவனுக்குப் போகும். எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. பேசிப் பழக்கமில்லை, அவ்வளவே. அப்பன் மகன் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து அவன் துபாய்க்குத் திரும்பிய பின் வந்த முதல் ஞாயிறு, போன் அடித்தது. எடுத்தேன். "நல்லா இருக்கியா? இரு, அம்மாகிட்ட" என்று சொல்லி, போனைப் பிடித்த கையைச் சமையலறைப் பக்கம் நீட்டியும்விட்டேன். அங்கே நான் கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரே ஒரு தட்டு இருந்தது. கையை மெல்லக் காதுக்குக் கொண்டுவந்தேன்.

அதன்பிறகு எல்லா ஞாயிறும் ஒன்றுபோலத்தான். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்." "மாத்திரை?" "போட்டேன்." "வேறென்னப்பா?" "ஒண்ணுமில்ல." "சரிப்பா, வச்சிரட்டா?" எவ்வளவு நேரம் பேசினோம் என்று போன் காட்டும். நாற்பது விநாடி, நல்ல வாரமென்றால் ஐம்பது. இந்த ஐம்பது விநாடிக்காகவா திங்கட்கிழமையிலிருந்து காத்துக்கிடந்தோம் என்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சைக்கிள் அவன் வாங்கிக் கொடுத்தது. சர்க்கரைக்கு உடம்பு அசைய வேண்டும், நடந்தால் எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்பதால், காரியத்துக்கு வந்தவன் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் புதுக்கோட்டையில் ஒரு கியர் சைக்கிளை எடுத்துக் கொடுத்தான். கேரியர் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, பெல் இல்லை. இதற்குப் போய் சைக்கிள் என்று பெயர் வைத்தார்களே என்று திட்டிக்கொண்டே மூன்றையும் வாங்கி மாட்டினேன். காலையில் கண்மாய்க் கரை வழியாகப் போய்த் திருமயம் ரோட்டில் கொஞ்ச தூரம் மிதித்துவிட்டுத் திரும்புவேன். டீக்கடையில் இருப்பவர்கள் என் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "என்னங்க, எந்த ஊருல ரேஸு?" என்பார்கள். சிரித்துவிட்டு நிற்காமல் போய்விடுவேன். நின்றால், "தனியாவா இருக்கீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு ஞாயிறு கரையில் செயின் கழன்றுகொண்டது. நான் அதை மாட்டிவிட்டு வீட்டுக்குள் நுழையவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. "இருப்பா, செயின் கழண்டு கையி பூராம் மசி" என்று எரிந்து விழுந்தேன்.

அவன் குரலே மாறிவிட்டது. "எந்தக் கியர்ல இருக்கும்போதுப்பா கழண்டுச்சு? மேடா, எறக்கமா?"

அவனும் அங்கே லீவு நாளில் விடியற்காலையில் கூட்டாளிகளோடு பாலைவன ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறானாம். ஆறு வருடமாகவாம். அவன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவள் என்னிடம் சொல்லியும் இருப்பாள், நான்தான் பேப்பரைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருப்பேன். அன்றைக்குப் பதினோரு நிமிடம் பேசினோம். போனை வைத்த பிறகும் அந்த மசிக் கையைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை இவ்வளவு பேசுவான் என்பது எனக்குத் தெரியாமலே இத்தனை காலம் போயிருக்கிறது.

முப்பது வருடம் ஓர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கேள்வியோடு வந்தவர்களையெல்லாம், "மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று விரட்டியவன் நான். வாரம் ஒரு கேள்வியைத் தயார் செய்கிறவனாக ஆனேன். காலண்டரில் கிழித்த தேதித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அரிசி டப்பாவுக்கு அடியில் சொருகி வைப்பேன். டயரில் காற்று எவ்வளவு இருக்கலாம்? செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா? (போட்டால் கொலை விழும் என்பதுபோலப் பதறினான்.) குடிப்பதைப் பற்றிக் கேட்டதற்கு, அரை மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும் என்று சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு டப்பா பவுடரே கொடுத்தனுப்பினான். வாசனை சாக்லேட், ருசி சுண்ணாம்பு. அவனுக்காக ஒரு தம்ளர் குடித்தேன். மறுநாள் மோருக்கே திரும்பிவிட்டேன்.

பஞ்சர் ஒட்டுவதை வீடியோவில் வந்து கற்றுக் கொடுத்தான். "டியூப்ப ஒட்டுனாப் பத்தாதுப்பா. டயருக்கு உள்ள வெரல விட்டுத் தடவிப் பாருங்க. முள்ளு அங்கயேதான் இருக்கும்." பத்து வயதிலிருந்து சீமைக்கருவேல முள்ளோடு குடித்தனம் நடத்துகிறவனிடம் சொல்கிறான். "அப்படியா!" என்றேன்.

கேள்விகள் ஒருநாள் தீர்ந்துபோயின. சைக்கிளோ கெட்டுப்போவேனா என்று அடம்பிடித்தது. அதனால் நானே கெடுத்தேன், வாயால். பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது என்றேன். அடுத்த வாரம் கியர் தானாக மாறுகிறது என்றேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் ஒவ்வொரு ஞாயிறும் முந்தின வாரத்துப் பொய்யைச் சரிசெய்யாமல் மேலே மேலே அடுக்கிக்கொண்டே போனேன். "முன்னாடி வீலு ஆடுதுப்பா" என்று சொன்ன அன்று அவன் வழக்கம்போல விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை.

"அப்பா, அந்த சைக்கிள இனிமே எடுக்காதீங்க" என்றான். "பிரேக்கும் சரியில்லாம வீலும் ஆடுனா என்னத்துக்கு ஆகுறது? ரோட்டுல விழுந்தா ஒங்களத் தூக்க அங்க யாருப்பா இருக்கா?"

இவன் பயப்படுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐம்பது விநாடியை நீட்டுவதிலேயே குறியாக இருந்துவிட்டேன். பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "சரிப்பா, எடுக்கல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புதன்கிழமை, புதுக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவனுடைய பள்ளித் தோழன் பைக்கில் வந்து இறங்கினான். "வணக்கம்ப்பா, அவன்தான் ஒரே பிடியா அனுப்பி வச்சான்" என்று சாமான் பையைப் பிரித்தான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணைச் சாய்த்துப் பார்த்தான். பிரேக்கை அழுத்தினான். கியரை ஏற்றினான், இறக்கினான். பிறகு ஏறி உட்கார்ந்து தெருமுனைவரை போய்விட்டு வந்தான்.

"என்னங்கப்பா, ஒரு கோளாறும் இல்லியே? புது வண்டி கணக்கா வச்சிருக்கீங்க."

"தம்பி, ஏதாவது ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லுங்களேன்" என்றேன். அறுபத்து மூன்று வயதில் அப்படிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அவன் புரியாமல் என்னைப் பார்த்த நேரத்தில் அவன் போன் அடித்தது. என் மகன்தான். "ஒண்ணுமில்லடா, வண்டி சூப்பரா இருக்கு, அப்பா நல்லா வச்சிருக்காரு" என்று அந்தத் தோழன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மோர் எடுக்கப் போகிறவன்போல உள்ளே போய்விட்டேன். சமையலறையில் நின்றபடி செத்துப்போனவள்மேல் கோபப்பட்டேன். போனை யாரிடம் கொடுக்கச் சொல்கிறாய் என்னை?

அந்த வாரம் முழுக்கச் சைக்கிளைத் தொடவில்லை. ஞாயிறு வழக்கமாகப் பத்து மணிக்கு வரும் போன் வரவில்லை. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. இனி வராது என்றே முடிவு செய்தேன். முப்பது வருடம் மனுக்களைத் தள்ளிவிட்டவனுக்கு, என் மனு எங்கே போயிருக்கும் என்பது தெரியாதா?

மூன்று மணிக்கு அடித்தது.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன்."

"மாத்திரை?"

"போட்டேன்."

அடுத்து 'வேறென்னப்பா' வர வேண்டும். வரவில்லை. பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ளலாமா என்று வாயெடுக்கும்போது அவன் தொண்டையைச் செருமினான்.

"அப்பா, என் சைக்கிள் முன் டயரு பஞ்சர். இங்கிட்டு இன்னைக்குக் கடையெல்லாம் லீவு. பஞ்சர் எப்படிப்பா ஒட்டுறது?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கண் நிறைந்து எதிரே இருந்த சுவர் கலங்கிற்று. எனக்கே பஞ்சர் ஒட்டச் சொல்லிக்கொடுத்தவன் கேட்கிறான்.

"மொதல்ல ஒரு வாளியில தண்ணி பிடிச்சுட்டு வா" என்றேன்.

"இருங்கப்பா, வச்சிராதீங்க, வாரேன்" என்றான். அவன் வீட்டில் குழாய் திறந்து வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.