அம்மாவின் ட்ரயலும் சில்லுக் கட்டையும்

அம்மாவின் பயிலுநர் அனுமதிப்பத்திரம் அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய மின்சாரப் பட்டியல்களுக்கு நடுவே கிடைத்தது. திகதி முத்திரையில் மாதம் மார்ச் என்பது தெளிவு. நாள் மூன்றா எட்டா என்று சொல்ல முடியாதபடி மை பரவியிருக்கிறது. அப்போது நான் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன்.

தெல்தோட்டையில் எங்கள் வீடு ஒரு பழைய வேனை நம்பி நடந்தது. அப்பா அதில் வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுவார். அந்த மார்ச்சில் திடீரென்று, ஓட்டி அலுத்துப்போய்விட்டது என்று நிறுத்திவிட்டார். கடுகண்ணாவையிலிருந்து ஒருவர் வந்து வேனைச் சுற்றிப் பார்த்து, கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்திப் பார்த்துவிட்டுப் போனார். விற்க வேண்டாம், தானே லைசன் எடுத்து ஓட்டுவதாக அம்மா சொன்னார். லைசனுக்காக ஓட்டிக் காட்டும் ட்ரயல் முடியும் வரை பொறுக்கும்படி கடுகண்ணாவைக்காரருக்குத் தகவல் போனது. அம்மா தேறினால் வேன் எங்களுக்கு, தவறினால் அவருக்கு.

வேனின் ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. மேட்டில் நிறுத்தினால் வேன் பின்னால் உருளாமல் யாராவது இறங்கிப் பின் சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ரோட்டில் அம்மா ஓட்டிப் பழக, அப்பா கட்டையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அம்மா “வைங்க” என்பார், அப்பா குதிப்பார். வேன் மேடேறியதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வருவார். அம்மா வேண்டுமென்றே சற்றுத் தூரம் தள்ளிப் போய்த்தான் நிறுத்துவார் என்பது என் கணிப்பு.

பின் சீட்டில் எனக்கும் பாடம் நடந்தது. எதிரே பஸ் வந்தால் அதன் போர்டை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

“போர்டுல என்னா போட்டிருக்கு, பாப்பா? சிங்களத்த வாசி. தமிழ்தான் உனக்குத் தெரியுமே.”

நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். முன்னுக்கு நிற்பது ஆளா மாடா என்றும் சில நேரம் கேட்பார். பகிடி விடுகிறார் என்று நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்த ஆண்டு முடிவில் சிங்களப் பாடத்துக்கு எனக்குப் பரிசு கிடைத்தது.

ட்ரயல் கண்டியில். அதற்கு ஓட்டப் பழக்கும் பள்ளிக்காரர் ஒருவரின் காரை எடுத்தோம். நானும் அப்பாவும் ரோட்டோரம் நின்றோம். எங்கள் கண்ணெதிரே அம்மா காரை மேட்டில் நிறுத்தினார். பக்கத்தில் சோதனை அதிகாரி.

அப்பா என் தோளைப் பிடித்திருந்தார். “என்னா நடக்குது?”

“நின்னுட்டாங்க. சேர்கிட்ட என்னமோ பேசுறாங்க.”

“அங்க என்னா பேச்சு இவளுக்கு?”

“சேர் சிரிக்கிறாருப்பா.”

அப்பாவின் விரல்கள் இறுகின. “பின்னுக்கு உருளுதா? நல்லா பாத்துச் சொல்லு.”

“இல்ல. மேல போகுது.”

எதிரிலேயே நடப்பதை என்னிடம் கேட்கிறாரே, பார்க்கவே பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அங்கே என்ன பேசினார் என்பது வீடு திரும்பும் வழியில் தெரிந்தது. பழக்க தோஷத்தில், கொஞ்சம் இறங்கிக் கட்டையை வைக்கும்படி அதிகாரியிடமே கேட்டிருக்கிறார். அவர் ஹேண்ட்பிரேக்கைச் சுட்டிக்காட்டி, வீட்டில் யார் கட்டை வைப்பது என்று விசாரித்தாராம். எங்கள் வீட்டுக்காரர் என்று அம்மா சொல்ல, இனியாவது அந்த மனிதரை உட்கார விடுங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். வேன் எங்களிடமே தங்கியது. எல் போர்டைக் கழற்றிய அப்பா, கயிற்றின் முடிச்சை வெகுநேரம் தடவித் தடவித் தேடினார். சந்தோஷத்தில் கை ஓடவில்லை என்று அதற்கும் ஒரு காரணம் என்னிடம் இருந்தது.

அதே கீழ்த்தட்டில் அப்பாவின் பழைய லைசனும் இருந்தது. அதே மார்ச்சில் காலாவதியானது. புதுப்பிக்க வேண்டுமானால் கண்ணைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். இப்போது அவருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. போன மாதம் கேட்டேன், எப்போதிருந்து மங்கத் தொடங்கியது என்று.

“நீ சிங்களம் வாசிக்கப் பழகின பொறகுதான்” என்றார்.

அம்மா வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஆண்டின் முதலாந் தவணை அறிக்கையில் என் சிங்களப் புள்ளிகள் மிகக் குறைவு. போர்டை வாசிக்கச் சொல்லி அவர் கேட்கத் தொடங்கியபோது நான் இன்னும் பழகியிருக்கவில்லை. ஆகவே அப்பா சொன்னது பொருந்தவில்லை. சரியான திகதி இன்னும் உறுதிப்படவில்லை.