காற்றிறக்கிய ஜீப்பில் பின்னால் நின்று வந்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே சிரித்துவிடுகிற ஆள் நான். கல்லூரி விடுதியில் யாரும் தங்க மாட்டோம் என்று ஒதுக்கிவைத்திருந்த மூலை அறையை ஓடிப்போய் வாங்கிக்கொண்டவள், ஏனென்றால் அந்த அறையில்தான் ஜன்னல் பெரிது. மெக்கானிக்கல் படித்தவள். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் தேடித் தேடி அலுத்துவிட்டேன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் என் ஜீப்பின் சக்கரங்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூரில் எங்கள் வீடு. வேலைக்குப் போன பிறகு நான் எனக்கென்று வாங்கிய முதல் பொருள் ஒரு பழைய ஜீப். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, பிறகு அவரே தினமும் காலையில் அதைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதன் ரிம்கள் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தன. புது ரிம் போட வேண்டும், என்ன ரிம் என்று இரண்டு மாதம் தூக்கமில்லாமல் படித்தேன். சேற்றிலும் பாறையிலும் ஏறும்போது டயரில் காற்றைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட வேண்டும், அப்போதுதான் டயர் பரந்து உட்கார்ந்து தரையைப் பிடிக்கும். ஆனால் டயரின் உள்விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பதும் அதே காற்றுதான். காற்று குறைந்தால் அந்தப் பிடியும் போய்விடும், ஒரு திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும், செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு கால் மட்டும் வெளியே வருமே, அதுபோல. அதனால் காற்று குறைவாக இருக்கும்போதும் டயரை விடாத ரிம் வேண்டும், அடி தாங்கவும் வேண்டும்.

எங்கள் டயர்க் கடை பாபு அண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை. கறுப்பு அலாய் ரிம் ஒன்றைத் துணியால் துடைத்துக் காட்டினார்.

"அம்மிணி, இதப் போடுங்க. ஊரே திரும்பிப் பாக்குமுங்க."

"ஊரு பாக்கறதுக்கு நான் என்ன தேரா ஓட்டறேன்?"

"தேருக்குக்கூட இத்தன யோசன பண்ணியிருக்க மாட்டாங்க."

வார்ப்பு அலாய் பாறையில் அடிபட்டால் விரிசல் விடும், விரிசல் விட்டால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். இரும்பு வளையும், வளைந்ததைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். விளிம்பைச் சுற்றி போல்ட் போட்டு டயரைக் கவ்விப் பிடிக்கிற ரிம்மும் உண்டு, அதைத் தினம் சாலையில் ஓட்டுவது சரிப்படாது என்று விட்டுவிட்டேன். கடைசியில் கனமான இரும்பு ரிம் நான்கு வாங்கினேன், டயர் உள்ளே நழுவாமல் தடுக்க ஒரு மேடு வைத்தது. வாங்கி, நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளும் வெளியுமாகச் சாம்பல் நிறப் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்தேன், கண்ணாடி மாதிரி வழவழவென்று. டயர் மாட்டியதும் ஒவ்வொன்றிலும் டயரையும் ரிம்மையும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். ஓடும்போது டயர் ரிம்மின்மேல் நழுவினால் கோடு உடைந்து இரண்டு துண்டாகத் தெரியும். நழுவுகிறதா என்று பார்க்க அதுதான் வழி.

அந்த ஜீப்பைக் காட்டிப் பெருமையடிக்கத்தான் ஒரு ஜூலை மாதம் லீவு போட்டுவிட்டு தேவாலா பக்கம் சுமதி வீட்டுக்குப் போனேன். சுமதி என்னோடு கல்லூரியில் படித்தவள். அவள் அம்மா ராஜமணி அங்கே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். அவர் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. என்னை "மக" என்றுதான் கூப்பிடுவார். தேவாலா மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது பெய்கிறது என்று சொல்லக்கூடாது, அங்கேயே குடியிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்து சாப்பிட்டு முடிப்பதற்குள், நான் வந்த அதே சாலையில் மண் சரிந்து இரண்டு மரமும் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சரி, இன்றைக்கு இங்கேதான் என்று காலை நீட்டினேன். அப்போதுதான் தேயிலைக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது.

குளவி. செடிக்குள் கூடு இருந்திருக்கிறது, யாரோ கை வைத்துவிட்டார்கள். மூன்று பெண்களைக் கொட்டியிருந்தது, அதில் ராஜமணி அம்மாவுக்குத்தான் மோசம். கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தபோது கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன, உதடு தடித்துவிட்டது, குரல் வேறு யாருடையதோபோல வந்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் தன்னிடம் இருந்த ஊசியைப் போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொண்டையும் உள்ளே வீங்குது, மூச்சு அடைக்கறதுக்குள்ள கூடலூர் போயிடணும் என்றார். ஆம்புலன்ஸ் மண் சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றது, ஆனால் மண் இன்னும் விழுந்துகொண்டே இருந்ததால் யாரும் கடக்க முடியாது. இருந்த ஒரே வழி எஸ்டேட்டின் மேல்பகுதியான மேல் டிவிஷன் வழியாகப் போய்க் கூடலூர் சாலையில் ஏறும் பழைய லாரிப் பாதை. அதில் வண்டி போய் வருடக்கணக்காகிவிட்டது. ஜீப் என்னுடையது மட்டும்தான்.

வழி காட்ட யாராவது வாருங்கள் என்றேன். எஸ்டேட் வாட்சர் மாரியப்பன் அண்ணன், ஒரே பாதைதான் பாப்பா, எங்கயும் பிரியாது என்று சொல்லிவிட்டு மற்ற இரண்டு பெண்களைத் தூக்க ஓடிவிட்டார். பின்னால் மெத்தையைப் போட்டு அம்மாவைப் படுக்க வைத்தோம், சுமதி தலைமாட்டில் உட்கார்ந்தாள், மழைக்குப் பின்பக்கத் தார்ப்பாயை இறக்கிக் கட்டினேன். நான்கு டயரிலும் முப்பதில் இருந்த காற்றைப் பன்னிரண்டு பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். கிளம்பினோம்.

மாலை நான்கு மணிகூட ஆகியிருக்காது, ஆனால் மூடுபனி பானெட்டுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்போல நின்றது. டயர் நன்றாகப் பிடித்தது, அந்தக் களிமண்ணில் அப்படி ஏறும் என்று நானே நினைக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது பின்னால் தகட்டில் "டப்" என்று ஒரு தட்டு.

பஸ்ஸிலும் லாரியிலும் பின்னால் நிற்கிற கிளீனர் தட்டுவாரே, ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. நம் ஊரில் இது தெரியாதவர் யார்? அது காதில் விழுந்தால் யோசிப்பதற்கு முன்பே கால் பிரேக்கில் இருக்கும். நின்றேன். சுமதிதான் தட்டினாள், அம்மாவுக்கு என்னவோ என்று நினைத்து இறங்கப் போனவள், முன்னால் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பானெட்டுக்கு முன்னால் ஒரு கை நீளம் தாண்டிப் பாதையில் பாதி இல்லை. மழை அரித்துக் கீழே கொண்டுபோயிருந்தது. சுமதி எப்படிப் பார்த்தாள் என்றுகூட அப்போது தோன்றவில்லை, பயத்தில் மூளை எங்கே வேலை செய்கிறது. மேட்டை ஒட்டி, ஒரு பக்கச் சக்கரம் தேயிலைச் செடிமேல் ஏற, சாய்ந்து சாய்ந்து கடந்தேன். கடந்ததும் இரண்டு தட்டு. போனேன்.

ஒரு ஏற்றத்தில் மறுபடி ஒரு தட்டு. இந்த முறை எரிச்சலோடு இறங்கினேன், முன்னால் ஒன்றுமில்லை, பக்கத்தில் ஒன்றுமில்லை. திரும்பி ஏறப் போகும்போதுதான் பின்பக்க இடது சக்கரம் கண்ணில் பட்டது. நான் போட்ட வெள்ளைக் கோடு உடைந்து ஒரு சாண் விலகியிருந்தது. டயர் ரிம்மின்மேல் நழுவிக்கொண்டிருக்கிறது. குனிந்து பார்த்தால் உள்பக்க விளிம்பில் சேற்றுத் தண்ணீர் குமிழியிட்டது, காற்று போய்க்கொண்டிருந்தது. இன்னும் நாலு சுற்று சுற்றியிருந்தால் டயர் கழன்றிருக்கும், அந்த ஏற்றத்தில் ஜாக்கி வைக்கவும் இடமில்லை. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப்பை மாட்டிக் கொஞ்சம் ஏற்றினேன், குமிழி குறைந்ததே தவிர நிற்கவில்லை. கழன்றால் கழலட்டும் என்று போவதா, இன்னும் ஏற்றுவதா என்று சேற்றில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே அம்மாவின் மூச்சு விசில் மாதிரி கேட்கிறது, சுமதி அழுகிறாள்.

இரண்டு தட்டு.

நான் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கத் தகடு என் கண்ணெதிரே. தார்ப்பாய் கட்டினது கட்டினபடி இருந்தது. யாரும் இல்லை. தகட்டில் படிந்திருந்த மழைத்துளிகள் மட்டும் அந்த இரண்டு தட்டுக்கும் அதிர்ந்து வழிந்தன.

என்ன செய்வீர்கள் நீங்கள்? நான் ஏறி ஓட்டினேன். அவ்வளவுதான். பயந்தேனா என்று கேட்டால், இல்லை, அதுதான் விசித்திரம். பின்னால் விஷயம் தெரிந்த ஒரு ஆள் நிற்கிறார் என்ற தெம்பில்தான் ஓட்டினேன். ஒரு இடத்தில் ஓடை குறுக்கே போனது, தயங்கினேன், இரண்டு தட்டு, ஜீப்பை இறக்கிக் கடந்தேன். அதன் பிறகு தட்டல் இல்லை. மூடுபனிக்குள்ளிருந்து திடீரென்று தார்ச்சாலை வந்தது, கூடலூர் சாலை. அதில் ஏறியதும் பிரேக் போட்டேன், அப்போது ஜீப்பின் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பியது. பட்டை ஸ்பிரிங் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். பின்படியில் நின்ற ஆள் இறங்கினால் வண்டி எப்படி ஒரு மூச்சு விட்டு எழும்புமோ, அப்படி.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, அந்த விசில் சத்தம் நின்றதைக் கேட்ட பிறகுதான் நானும் சுமதியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த முதல் தட்டாவது சுமதியுடையதாக இருக்கும் என்ற நினைப்பில், தட்டினதுக்கு நன்றிடி, நீ இல்லன்னா பள்ளத்துல போயிருப்போம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நான் எங்கடி தட்டுனேன்? ஒரு கை அம்மா தலைக்கு அடியில, ஒரு கை கம்பியில. மாரியப்பன் அண்ணன்தான் பின்னாடி தொத்திக்கிட்டாருன்னு நெனச்சேன்."

மாரியப்பன் அண்ணனுக்கு போன் போட்டோம். அவர் மற்ற இரண்டு பெண்களோடு டிஸ்பென்சரியில்தான் இருந்தார். அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் அந்தச் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டிக் குன்னூர் வந்து சேர்ந்தேன், பாபு அண்ணன் அந்த டயரைக் கழற்றினார். ரிம்மில் டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் நான் ஆசையாக அடித்த பெயின்ட் நாடா நாடாவாக உரிந்து கிடந்தது. அந்த வழவழப்பில்தான் டயர் நழுவியிருக்கிறது. "உள்ளாற எதுக்குங்க அம்மிணி பெயிண்ட்டு, அங்க யாரு வந்து பாக்கப் போறா?" என்று கேட்டுவிட்டு, உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். டயர் அந்த மேட்டைத் தாண்டி முக்கால்வாசி உள்ளே இறங்கியிருந்ததாம். இந்த நிலையில காத்து நிக்காதுங்க, ஒரு நிமிசம்கூட நிக்காது, கூடலூர் வரைக்கும் எப்படி வந்தீங்க என்று கேட்டார். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெயின்ட்டைச் சுரண்டி இரும்பை வெறுமையாக விட்டு மறுபடி மாட்டினோம். இன்றுவரை ஒரு விரல்கூட நழுவவில்லை. ரிம் தேர்ந்தெடுக்க என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன். மற்றதைச் சொல்வதில்லை.

மற்றது இதுதான். நான்கு நாள் கழித்து அம்மாவுக்குக் கண் திறந்தது. பார்க்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் மக, அந்தத் தம்பி சாப்பிட்டானா?"

எந்தத் தம்பி என்றேன்.

"பின்னுக்கு நின்னு வந்தானே. தார்ப்பாய்க்குள்ள கைய விட்டு எங்காலப் புடிச்சிக்கிட்டே வந்தான். மூச்சு விடு தாயி, மூச்சு விடு தாயின்னு சொல்லிக்கிட்டே வந்தான். கை சில்லுன்னு இருந்துச்சு. ரோட்டுக்கு வந்தோடன, நான் இங்கயே நின்னுக்கிறேன்னு எறங்கிட்டான். அந்த மழையில எப்படித் திரும்பிப் போவான்?"

சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா வேலைக்குத் திரும்பியதும் முதல் சம்பளத்தில் ஒரு ஸ்வெட்டர் எடுத்தார், பழுப்பு நிறம், ஆண்கள் அளவு. அவன பாத்தா குடு மக, ஒல்லிப் பையன், போதும் என்று என்னிடம் கொடுத்தார். கண் மூடியிருந்தவருக்கு ஒல்லி என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் பின்னால் நின்று வந்தவரிடம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பாதை சாலையில் சேருகிற இடத்தைத் தாண்டும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, யாருமில்லாத ஓரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறேன். நான் கும்பிடு போடுகிறேன் என்று என் கல்லூரிக்காரர்கள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஸ்வெட்டரை விலைச்சீட்டோடு ஜீப்பின் பின்பெஞ்சில் மடித்து வைத்திருக்கிறேன். யாரும் போட்டதில்லை. ஜீப் எங்கள் வீட்டு ஷெட்டில், கூரைக்கு அடியில்தான் நிற்கிறது. ஆனாலும் எப்போது எடுத்துப் பார்த்தாலும் அது ஈரமாக இருக்கிறது. தார்ப்பாய் ஒழுகுதுடி என்கிறாள் சுமதி, இருக்கலாம், மழைக்காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இது ஜனவரி. புல்லெல்லாம் உறைபனியில் கருகிக் கிடக்கிறது, மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. இன்று காலையிலும் எடுத்துப் பார்த்தேன். கையும் நெஞ்சும் காய்ந்துதான் இருக்கின்றன. இரண்டு தோள்பட்டையும் மட்டும், மழையில் நின்றவர் போட்டுக் கழற்றியதுபோல நனைந்திருக்கின்றன.