புனாபுட்டியில் நான் தலைமுழுகிய வெள்ளிக்கிழமை

காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் கண்டாவளையில் வாடகை வானில் ஏறினேன். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு எட்டு மணித்தியாலம். பிறகு சிங்கப்பூர், பிஜி என்று விமானம் மாறி மாறி, நாலாம் நாள் நடுப்பகலில் துவாலு நாட்டின் புனாபுட்டித் தீவில் இறங்கியபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. மகள் வத்சலாவுக்குக் குழந்தை பிறந்து பதினெட்டு நாள். மருமகன் கடலணை வேலைக்காகக் கப்பலில் வேறொரு தீவுக்குப் போய்விட்டார். திரும்ப இரண்டு கிழமை, பதினாலு நாளாகும். பத்தியக்கறி வைத்துக் கொடுக்க ஆளில்லை. இல்லாவிட்டால் அறுபத்திரண்டு வயதில் எனக்கேன் இந்த அலைச்சல்.

விமானம் வருமுன் சங்கு ஊதும். அதைக் கேட்டுத்தான் ஓடுபாதையில் பந்து விளையாடுகிறவர்கள் விலகுவார்கள். வீட்டிலிருந்து இந்தப் பக்கம் மூன்று நிமிடம் நடந்தாலும் கடல், அந்தப் பக்கம் நடந்தாலும் கடல். வயல் செய்கிற எனக்கு மண்ணைத் தேடித்தான் கண் போனது. எங்கும் பவளப்பூச்சி கட்டின வெள்ளை முருகைக்கல். கடையில் ஒரு சின்னக் கோவா, முட்டைக்கோசுதான், ஏழு அவுஸ்திரேலிய டொலர். கிணறு வெட்டினால் உப்பு. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிப்பு, குளிப்பு எல்லாம்.

"அம்மா, தண்ணி பார்த்துப் பாவியுங்கோ" என்று வந்த அன்றே மகள் சொன்னாள். நான் தூக்கக் கலக்கத்தில் "ஓம், ஓம்" என்றேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. விடிய எழும்பித் தலைமுழுகி, வீடு வாசல் கழுவி, பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றினேன். தேத்தண்ணிக்குக் கேத்தலைப் பிடித்தால் குழாயில் காற்றுத்தான் வந்தது.

வத்சலா குழந்தையோடு வந்தாள். "எத்தனை வாளி வார்த்தனீங்கள், அம்மா?"

"வெள்ளிக்கிழமையெல்லே, பிள்ளை. கழுவினதோட ஒரு பதினைஞ்சு."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். பிறகுதான் சொன்னாள்: "மழை பெய்து அஞ்சு கிழமையம்மா. தண்ணி லொறிக்குத் திங்கள்தான் எங்கட முறை. அதுவரைக்கும் பிள்ளைக்கெண்டு தொட்டியில வைச்சிருந்தது."

பால் குடுக்கிற தாய் குடிக்கத் தண்ணீர் இல்லை. பிள்ளையின் துணி அலசத் தண்ணீர் இல்லை. வாசல் மட்டும் ஈரமாகக் கிடந்தது.

பக்கத்து வீட்டு லோசா, என் வயதுக்காரி, மூடிபோட்ட இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தா. விடிய ஓடின தண்ணீர்ச் சத்தம் கேட்டதாம். என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னா.

"என்னவாம்?"

"உங்கட ஊரிலை கடவுளைப் பார்க்கப் போறவை அவ்வளவு ஊத்தையோ எண்டு கேக்கிறா."

"எங்கட கடவுளுக்கு மூக்குப் பெரிசு எண்டு சொல்லு."

மகள் சொன்னதும் லோசா பிள்ளையார் படத்தை எட்டிப் பார்த்து, தொடையில் தட்டிச் சிரித்தா. அவாவின் வீட்டில் ஒன்பது பேர். வாளியை வெறுமையாக்கிக் கொடுக்கப் போனபோது அவாவின் தொட்டியைக் கையால் தட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் மட்டும்தான் கனத்த சத்தம். அதற்கு மேலே வெறும் தொட்டி.

அன்று பின்னேரம் லோசா என்னைக் கைப்பிடித்துக் கடலுக்குக் கூட்டிப்போனா. சேலையோடு இறங்கி முழுகினேன். கரையில் ஒரு கோப்பை நல்ல தண்ணீர், தலைக்கு அவ்வளவுதான். உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுக்க விளக்கேற்றினேன். பிள்ளையாரிடம் முதல்நாள் மன்னிப்புக் கேட்டேன், மறுநாள் கேட்கவில்லை.

திங்கள் லொறி வந்தது. எங்கள் வாளி இரண்டை நிரப்பி லோசாவுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். லோசா ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை என் கையிலேயே தந்துவிட்டா.

மூன்று கிழமை இருந்தேன். மருமகன் வந்து சேர்ந்தார், மழை வரவில்லை. திரும்பும்போது விமானத்தில் யன்னல் பக்கத்து இருக்கை கிடைத்தது. மற்றவர்கள் கீழே கடலின் நிறத்தைப் படமெடுத்தார்கள். நான் மேகம் எந்தப் பக்கம் நகருகிறதென்று பார்த்தேன். களைப்பில் தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அப்பனே, ஓடுபாதைக்குப் பக்கத்தில் பச்சைக் கூரை வீடு, அது என்ரை பிள்ளையின்ரை. அடுத்தது லோசா வீடு. முதல் அவாவின்ரை தொட்டியை நிரப்பு" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடினேன்.